ஐயாயிரத்து நானூறு டாலர் போன வழி

காஞ்சிபுரம்
9 ஜூன் 2025

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா மங்கையர்க்கரசி அவர்களுக்கு,

குமாரவேல் எழுதுவது. லாகோஸில் வங்கிக்காரர்கள் டாலர் தர மாதக்கணக்கில் இழுக்கிறார்கள் என்றும், ஸ்டேபிள்காயினாக அனுப்பினால் எந்த வழி மலிவு, எந்த வழி விரைவு என்று மாமாவைக் கேட்டுச் சொல் என்றும் அகிலாவிடம் சொன்னீர்களாம். என்னிடமே கேட்டிருக்கலாம். நம் பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷமாகிறது. நான் யாரையும் கடித்ததில்லை.

எப்போதும் ஒரு டாலர் விலையிலேயே நிற்கும்படி செய்யப்பட்ட நாணயம் அது. நாணயம் ஒன்றுதான். அதை ஏற்றிச் செல்லும் நெட்வொர்க்குகள் பல. வீடியோவில் பேசுகிற பிள்ளைகள் ஆளுக்கொன்றைப் புகழ்கிறார்கள். புகழ்ச்சியை வைத்து நான் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. முப்பத்தோரு வருஷம் சரிகை சோதித்தவன். நூலைக் கீறி உள்ளே சிவப்புப் பட்டு இருக்கிறதா, மேலே வெள்ளி எவ்வளவு என்று உரைகல்லில் தேய்த்துச் சொல்வது என் வேலையாக இருந்தது. அதே மாதிரி இதையும் செய்தேன். என் பழைய போனில் ஒரு வாலட், அதாவது இந்த நாணயத்தை வைக்கும் பை, புதிய போனில் ஒரு வாலட். இரண்டுக்கும் நடுவில் இரண்டிரண்டு டாலராக நான்கு நெட்வொர்க்கிலும் அனுப்பிப் பார்த்தேன்.

எத்தீரியம் நம்பகமானது. கட்டணம்தான் ஒரு நாள் அரை டாலர், மறுநாள் மூன்று டாலர். ஞாயிறு காலையில் அனுப்பினால் குறைகிறது. டிரானில் ஒரு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது, ஆனால் மூன்று டாலருக்குக் கீழே இறங்கவில்லை. சொலானாவில் சில வினாடி, சில பைசா. நல்ல சரக்கு, ஆனால் நான் பழகியது குறைவு. பாலிகானும் பைசாக் கணக்குதான் என்றார்கள். என் சோதனையில் நாற்பது நிமிஷம் தொங்கியது. தள்ளிவிட்டேன், வாலட்டிலிருந்தே அதை மறைத்துவிட்டேன். ஒருமுறை தள்ளிய சரக்கை மறுபடி கல்லில் வைக்கும் பழக்கம் எனக்கில்லை.

ஆகவே எத்தீரியம், ஞாயிறு காலை. என் வாலட்டின் முகவரியைத் தனியாக அகிலா அனுப்புவாள். 0x என்று தொடங்கும். முதலில் பத்து டாலர் அனுப்பி, நான் வந்தது என்று சொன்ன பிறகு மீதி. வந்ததை, இந்த நாணயங்களை வாங்கி விற்கும் முறையான எக்ஸ்சேஞ்சில் விற்று, அரசாங்கம் பிடிக்கிற ஒரு சதவீதம் போக, உங்கள் கணக்கில் கட்டிவிடுகிறேன்.

குமாரவேல்

*

லாகோஸ்
14 ஜூன் 2025

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் படித்தேன். நான் கணக்கு டீச்சர். ஆனாலும் இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. எட்டாவதோடு நின்றவர் என்று அகிலா சொல்கிறாள். என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இவ்வளவு ஒழுங்காக ஒரு சோதனையை எழுத மாட்டார்கள்.

எதற்கு இந்தப் பணம் என்று உங்களுக்கு நேராகச் சொல்லவில்லை. வாலாஜாபாத்தில் எங்கள் பங்கு வீடு அண்ணன்மார் கைக்குப் போய்விட்டது. ஆறு வருஷம் இங்கே சேர்த்தது ஐயாயிரத்து நானூறு டாலர். ஏனாத்தூரில் வேல்முருகன் என்பவர் இரண்டு அறை வீடு ஒன்றை எனக்கு விற்பதாகச் சொல்லியிருக்கிறார். இந்தப் பணம் அதற்கு முன்பணம். ஆடியில் ஒப்பந்தம் எழுத மாட்டாராம். ஆவணி பிறந்த முதல் வாரத்துக்குள் முன்பணம் வராவிட்டால் வேறு ஆள் காத்திருக்கிறார். மீதிக்கு என் கடைசிச் சம்பளமும் பள்ளி தரும் தொகையும் இருக்கிறது.

செப்டம்பரில் வேலையை விட்டு வருகிறேன். மகளைக் கொடுத்த வீட்டில் போய்த் தங்குகிற பழக்கம் எங்கள் பக்கம் இல்லை. அதனால் கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம்.

இங்கே மேரி என்று ஒரு டீச்சர், திருநெல்வேலிப் பக்கம். மாதாமாதம் இப்படித்தான் அனுப்புகிறாள். அவளிடம் இந்த ஊர்ப் பணமான நைராவைக் கொடுத்தால் அவள் போனிலிருந்து அனுப்புவாள். அவள் 24ஆம் தேதி விடுமுறைக்கு ஊருக்குப் போகிறாள். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அனுப்பச் சொல்கிறேன்.

மங்கையர்க்கரசி

*

காஞ்சிபுரம்
3 ஜூலை 2025

சம்பந்தியம்மாவுக்கு,

நேற்று போனில் நீங்கள் பேசியதை அகிலா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் என்பது உங்களுக்குத் தெரியாது. என் மகன் ஆனந்தகுமார் இருந்தான். எதிர் வீட்டு கமலவேணி மாவு வாங்க வந்து நின்றிருந்தாள். "பணம் உங்க போனுக்குத்தான் அனுப்பினது சம்பந்தி. அங்க இல்லன்னா வேற யாருகிட்ட இருக்குது?" என்று கேட்டீர்கள். கமலவேணி மாவு வாங்காமலே போய்விட்டாள். இந்நேரம் தெருமுனை தாண்டியிருக்கும்.

எத்தனையோ முதலாளிகள் என் மேசையின் கீழே கவர் நீட்டியிருக்கிறார்கள். கலப்புச் சரிகையை அசல் என்று எழுதச் சொன்னார்கள். ஒருவனுக்கும் எழுதவில்லை. அப்படிப்பட்டவனை ஆறு வருஷச் சம்பாத்தியத்தை எடுத்துக்கொண்டவன் என்று சொல்லாமல் சொன்னீர்கள்.

பணம் போனதற்குச் சான்றாக நீங்கள் அனுப்பிய மேரி டீச்சரின் போன் திரைப் படத்தில் 'வெற்றி' என்று பச்சை எழுத்தும் ஒரு நீண்ட ரசீது எண்ணும் இருக்கிறது. அந்த எண்ணை எத்தீரியத்தின் பொதுப் பதிவேட்டில் தேடினேன். இல்லை. சந்தேகத்துக்கு டிரானிலும் தேடினேன். அங்கும் இல்லை. என் வாலட்டில் நான் சோதனைக்குப் போட்ட நாலு டாலர்தான் கிடக்கிறது. ஆகவே அந்தப் படம் பொய். மேரி டீச்சரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

இனிமேல் போனில் பேச மாட்டேன். பேசியது காற்றில் போகும், மறுநாள் அப்படிச் சொல்லவில்லை என்பார்கள். இரு தரப்பும் எழுத்திலேயே இருக்கட்டும். எழுதி, படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

குமாரவேல்

*

லாகோஸ்
8 ஜூலை 2025

சம்பந்தி அவர்களுக்கு,

எழுத்தில்தானே வேண்டும், எழுதுகிறேன்.

ஸ்பீக்கர் விஷயம் எனக்குத் தெரியாது. அதற்கு வருத்தப்படுகிறேன். கேட்ட கேள்விக்கு வருத்தப்படவில்லை. அந்தப் போனுக்கு முன்னால் ஒன்பது நாளாக "வந்துச்சா சம்பந்தி?" என்று கேட்டேன். "வரல" என்ற ஒரு சொல்லுக்கு மேல் நீங்கள் பேசவில்லை. அவ்வளவு பெரிய தொகையைக் காணோம் என்றால் மனுஷர்கள் பதறுவார்கள். நீங்கள் சோதனை முடிவு வாசிப்பது போலச் சொன்னீர்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

மேரி என் பக்கத்து அறைக்காரி. எனக்கு மலேரியா வந்தபோது பதினோரு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவள். அவள் பொய்ப் படம் செய்தாள் என்று எழுத உங்களுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் இப்போது ஊரில் இருக்கிறாள். இந்த ஊர் நம்பர் அங்கே வேலை செய்யவில்லை. அவள் அக்கா வீட்டு நம்பரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று வேல்முருகன் பேசினார். "டீச்சரம்மா, ஆவணி நாலு தேதி வரைக்கும் பாப்பேன். அப்பால எம்மேல கோச்சிக்காதீங்கமா" என்றார். அந்த வீட்டின் சமையலறைக்கு என்ன அலமாரி வைப்பது என்று நோட்டில் வரைந்து வைத்திருந்தேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

உங்கள் போனை ஒரு நாள் ஆனந்தகுமாரிடம் கொடுங்கள். அவன் படித்தவன், பார்க்கட்டும்.

மங்கையர்க்கரசி

*

காஞ்சிபுரம்
12 ஜூலை 2025

சம்பந்தியம்மாவுக்கு,

போனைக் கொடுக்க மாட்டேன். வாலட்டைத் திறக்கும் பன்னிரண்டு சொற்களும் ஒரு ஆளிடம்தான் இருக்க வேண்டும். இரண்டு பேரிடம் இருந்தால் நாளைக்கு யார் எடுத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனந்தகுமாரும் வாங்க மாட்டேன் என்றான். "உங்க ரெண்டு பேரு சண்டையில என்ன இழுக்காதீங்கப்பா, நான் ஒரகடத்துக்கு ஷிப்ட்டு போயிட்டு வந்து தூங்கணும்" என்கிறான். படித்தவனின் லட்சணம்.

அகிலா இலை போடுகிறாள், சோறு வைக்கிறாள், வாய் திறப்பதில்லை. முன்பெல்லாம் "மாமா, ரசம் எப்படி இருக்குது?" என்று கேட்பாள். குறை சொன்னால் திருப்பிச் சண்டை போடுவாள். இப்போது ரசம் நன்றாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்ல ஆளில்லை.

நான் பதறவில்லை என்கிறீர்கள். பதினைந்து நாளில் அந்த ரசீது எண்ணை எத்தனை முறை ஒவ்வோர் எழுத்தாகச் சரி பார்த்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. அறுபத்தாறு எழுத்து. கண் மருத்துவர் போன் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு எனக்கு ஒரு விவரம் வேண்டும். மேரி டீச்சர் அனுப்பும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா? கட்டணம் எவ்வளவு போனது? அதை வைத்து நான் வழியைச் சொல்லிவிடுவேன். ஒரு டாலர் இரண்டு டாலர் என்றால் எத்தீரியம், மூன்று நான்கு என்றால் டிரான். திரையில் என்ன சின்னம் இருந்தது, அதையும் நினைவிருந்தால் எழுதுங்கள். முதலில் பத்து டாலர் அனுப்பச் சொன்னேனே, அது எங்கே?

குமாரவேல்

*

லாகோஸ்
17 ஜூலை 2025

சம்பந்தி அவர்களுக்கு,

மேரி கிடைத்துவிட்டாள். அக்கா வீட்டில் கல்யாண வேலை. போனில் நான் அழுததைக் கேட்டு அவளும் அழுதாள். அப்புறம் அனுப்பிய அன்று நடந்ததை அவள் நினைவுபடுத்தினாள். உங்களிடம் மறைக்காமல் எழுதுகிறேன்.

அந்த ஞாயிறு காலை மேரி என்னிடம் கேட்டாள், "அக்கா, எத்தீரியம்னா இன்னைக்கு ரெண்டு டாலர் காட்டுது. இந்த இன்னொண்ணுல ஒரு பைசாகூட முழுசா ஆகாது. முகவரி ரெண்டுக்கும் ஒண்ணுதான். எதுல போட?" என்று. ரெண்டு டாலர் என்றால் இங்கே எனக்கு இரண்டு நாள் காய்கறி. முகவரி ஒன்றாக இருக்கும்போது எதில் போனால் என்ன, அங்கேதானே போய்ச் சேரும் என்று நினைத்தேன். "சும்மா போறதுலயே போடு" என்றேன். அதன் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. ஊதா நிறத்தில் ஒரு சின்னம் இருந்தது. அது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மேரி ஏதோ பெயர் சொல்கிறாள், கல்யாண வீட்டு மேளத்தில் சரியாகக் கேட்கவில்லை.

பத்து டாலர் சோதனையும் அனுப்பவில்லை. மேரிக்கு அன்று பெட்டி கட்டும் அவசரம். ஒரே தடவையாகப் போட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன்.

பிள்ளைகளிடம் கேள்வியை முழுதும் படிக்காமல் விடை எழுதாதே என்று முப்பது வருஷமாகக் கத்துகிறேன்.

பணம் போய்விட்டதா சம்பந்தி? போய்விட்டது என்றால் அப்படியே எழுதிவிடுங்கள். வேல்முருகனுக்குச் சொல்லிவிடுகிறேன்.

மங்கையர்க்கரசி

*

காஞ்சிபுரம்
18 ஜூலை 2025

சம்பந்தியம்மாவுக்கு,

பணம் இருக்கிறது.

முதலில் இதை எழுதிவிட்டேன். மற்றதை மெதுவாகப் படியுங்கள். ஐயாயிரத்து நானூறு டாலரும், ஒரு பைசா குறையாமல், ஜூன் 22ஆம் தேதி காலையிலிருந்தே என் முகவரியில் கிடக்கிறது. நீங்கள் ஊதா என்று எழுதியதைப் படித்ததும் புரிந்துவிட்டது. அது பாலிகான். நான் தள்ளி, மறைத்து வைத்த நெட்வொர்க். மறைத்ததை எடுத்துப் போட்டேன். தொகை அப்படியே வந்து நின்றது. ரசீது எண்ணை அதன் பதிவேட்டில் தேடினேன், இரண்டு வினாடியில் சேர்ந்ததாகப் போட்டிருக்கிறது. மேரி டீச்சர் மேல் நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். இதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

முகவரி ஒன்றாக இருந்தும் எனக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். பெரிய காஞ்சியிலும் ஒரு சன்னதித் தெரு இருக்கிறது, சின்னக் காஞ்சியிலும் ஒரு சன்னதித் தெரு இருக்கிறது. இரண்டிலும் ஒரே கதவு எண்ணில் வீடு உண்டு. இரண்டு வீடும் என்னுடையது, ஒரே சாவி. நான் பெரிய காஞ்சி வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டு தபால்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடிதம் சின்னக் காஞ்சி வீட்டுக் கதவுக்குக் கீழே கிடந்தது. என் வாலட்டாக இல்லாமல் வேறு யாருடைய எக்ஸ்சேஞ்சு முகவரிக்காவது போயிருந்தால் மீட்பது கடினம். அதனால் இனி ரெண்டு டாலருக்கு ஆசைப்படாதீர்கள்.

இன்னொன்றும் எழுத வேண்டியிருக்கிறது. எழுத மனமில்லை. ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும் என்று சொன்னவன் நான். அந்த நெட்வொர்க் என் சோதனையில் நாற்பது நிமிஷம் தொங்கியது என்றேன். இன்றைக்குப் பழைய பதிவைத் திறந்து பார்த்தேன். எவ்வளவு மலிவு என்று பார்க்க, கட்டணத்தை நானே கையால் இறக்கி வைத்திருந்தேன். கூலியைக் குறைத்தவன் நான். அது மெதுவாக வேலை செய்தது. சரக்கில் குறையில்லை. என் முப்பத்தோரு வருஷத்தில் தவறாகத் தள்ளிய சரக்கு எனக்குத் தெரிந்து இது ஒன்று. தெரியாமல் எத்தனை இருக்குமோ, காலையிலிருந்து அதே யோசனை.

இப்போது ஒரு சிக்கல். பெரியதல்ல. பணம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் நகர்த்த முடியவில்லை. அந்த நெட்வொர்க்கில் எதை அனுப்பினாலும் அதற்குக் கூலியை அதன் சொந்த நாணயத்தில்தான் கொடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் டாலர் நாணயம் இருந்தும், சோதனைக்கு வாங்கிய கூலி நாணயம் அன்றே தீர்ந்துவிட்டதால் இப்போது என்னிடம் துளியும் இல்லை. வண்டி நிறைய நெல் இருந்தும் டீசல் இல்லாத மாதிரி. சில ரூபாய்க்கு வாங்கினால் போதும். என் எக்ஸ்சேஞ்சில் அதை வெளியே எடுக்க இப்போது புதிதாக ஏதோ சரிபார்ப்பு கேட்கிறார்கள், நாலைந்து நாள் ஆகலாம். ஆவணிக்கு முன்னால் நிச்சயம் முடியும். தூங்குங்கள்.

குமாரவேல்

*

லாகோஸ்
19 ஜூலை 2025

சம்பந்தி,

'பணம் இருக்கிறது' என்ற வரியைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். காவலாளி ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

மேரியிடம் உங்கள் வரியைப் படித்துக் காட்டினேன். "பரவால்லக்கா, பெரியவரு ஒரு மாசம் எம்பேரச் சொல்லித் திட்டிக்கினு இருந்தாருன்னா எனக்கு ஆயுசு கெட்டி" என்று உங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லிக் காட்டினாள். அப்புறம் மூன்று மணி நேரம் போனிலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். என் போனில் நானே ஒரு வாலட் திறந்தேன். பன்னிரண்டு சொற்களையும் யாருக்கும் காட்டாமல் எழுதி வைத்திருக்கிறேன்.

நாலைந்து நாள் காத்திருக்க வேண்டாம். உங்கள் கூலி நாணயத்தை நானே வாங்கிவிட்டேன். முதலில் ஒன்று அனுப்பியிருக்கிறேன். ஊதா நெட்வொர்க்கில்தான், மூன்று முறை பார்த்துவிட்டு அனுப்பினேன். வந்ததா என்று சொல்லுங்கள். வந்தது என்றால் மீதி நாலு அனுப்புகிறேன். மொத்தமே ஒரு டாலர் சொச்சம்தான்.

அன்றைக்குப் போனில் கேட்டதற்கு என்ன எழுதுவது என்று இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். அதற்குப் பதிலாகத்தான் அந்த ஒரு நாணயத்தை அனுப்பியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கமலவேணி அம்மாவிடம் நானே பேசிவிட்டேன். பணம் அப்படியே இருக்கிறது, தப்பு என்னுடையது என்று சொன்னேன். இதுவும் தெருமுனை தாண்டட்டும்.

மங்கையர்க்கரசி

*

காஞ்சிபுரம்
22 ஆகஸ்ட் 2025

சம்பந்தியம்மாவுக்கு,

நடுவில் குறுஞ்செய்தியில் சொன்னதையெல்லாம் ஒழுங்காக ஒரு தாளில் எழுதி வைக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய ஒன்று வந்தது, நாலும் வந்தது. எக்ஸ்சேஞ்சு பாலிகானை ஏற்குமா என்று அவர்கள் பக்கத்தில் படித்து உறுதி செய்துகொண்டு, முதலில் பத்து டாலர் அனுப்பினேன். இரண்டு நிமிஷத்தில் நின்றது. மீதியையும் அனுப்பினேன். ஐந்து நாணயத்தில் நாலே முக்காலுக்கு மேல் மிச்சம் இருக்கிறது. விற்றதில் ஒரு சதவீதம், அதாவது ஐம்பத்து நாலு டாலர், வரியாகப் பிடித்தார்கள். சீட்டு வைத்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு உங்கள் இரண்டு டாலரை நினைத்துக்கொண்டேன், வேறொன்றும் சொல்லவில்லை. ஏனாத்தூர் வீட்டுக்கு மீதித் தொகை அனுப்பும்போது பாலிகானிலேயே அனுப்புங்கள். மறுபடி ஏழு முறை சோதித்துவிட்டேன். ஏழு முறையும் சரி.

முந்தாநாள், ஆவணி நாலாம் தேதி, அகிலாவும் நானும் ஏனாத்தூர் போனோம். நீங்கள் அங்கிருந்து கையெழுத்திட்டு அனுப்பிய தாள்களை அகிலா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். நான் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். சுவரை நகத்தால் கீறினேன். வேல்முருகன் சிரித்தார். பூச்சு உதிரவில்லை. சமையலறையில் நீங்கள் கேட்ட அலமாரிக்கு இடம் நாலடி இரண்டு அங்குலம். கிழித்த பக்கத்தை மறுபடி வரைந்துகொள்ளுங்கள்.

முன்பண ஒப்பந்தத்துக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்றார்கள். ஒரு சாட்சி அவருடைய ஆள். இன்னொருவருக்கு அகிலா என்னைக் காட்டினாள். "மாமா, நீங்க போடுங்க" என்றாள். பணம் கிடைத்த பிறகு வீட்டில் பேசத் தொடங்கிவிட்டாள், ஆனால் வெளியாட்கள் முன்னால் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது, ஒன்றரை மாசத்துக்கு அப்புறம்.

பேனாவை வாங்கும்போது வேல்முருகன் கேட்டார், "பெரியவரே, நீங்க அந்த டீச்சரம்மாவுக்கு இன்னா வேணும்?"

"சம்பந்தி."

"சொந்த அண்ணன் தம்பிகளே ஏமாத்துற காலம்பா இது. சம்பந்திய நம்பியா இம்மாம் பணத்த அனுப்பினாங்க?"

"ஆமாம்" என்றேன்.

அதைச் சொல்லும்போது குரல் சரியாக வரவில்லை. ஏனாத்தூரில் வயல் காற்று அதிகம், எனக்குச் சளி பிடித்திருந்தது. அகிலா உங்களிடம் வேறு மாதிரி சொன்னால் நம்ப வேண்டாம்.

குமாரவேல்